லைசன்ஸ் இடைநிறுத்தத்தில் இருக்கும்போது வாகன இன்சூரன்ஸ்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் வாகனக் காப்புறுதி எழுதிக்கொடுப்பது என் தொழில். நீதிமன்றத்தில் லைசன்ஸை இடைநிறுத்திவிட்டார்கள் என்றதும் ஆட்கள் முதலில் சட்டத்தரணிக்கு அழைப்பு எடுப்பார்கள், அடுத்தது எனக்கு. உப்புவெளியில் இருந்து வந்தாலும் கிண்ணியாவில் இருந்து வந்தாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கம்பனிக்குக் கம்பனி பொலிசி வாசகங்கள் மாறும். ஆகவே படித்த பிறகு உங்கள் பொலிசியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

என்ட லைசன்ஸ் ஆறு மாசத்துக்கு சஸ்பென்ட். இப்ப காருக்கு இன்சூரன்ஸ் எடுக்க ஏலுமா?

ஏலும். இன்சூரன்ஸ் எழுதப்படுவது வாகனத்துக்கும் அதன் உரிமையாளருக்கும். சாரதி அனுமதிப்பத்திரம் ஓடுகிற ஆளுக்கு. வாகனம் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால், வாழ்க்கையில் ஒருநாளும் ஸ்டியரிங் பிடிக்காதவராக இருந்தாலும் நீங்கள் அதற்கு இன்சூரன்ஸ் எடுக்கலாம். கணவர் காலமான பிறகு வானைத் தன் பெயருக்கு மாற்றி, சம்பளத்துக்குச் சாரதி வைத்து நிலாவெளி ஹோட்டல்களுக்கு ஓடவிடும் அம்மாமார் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் லைசன்ஸே கிடையாது, இன்சூரன்ஸ் ஒழுங்காக இருக்கிறது.

அடையாள அட்டை, வாகனப் பதிவுச் சான்றிதழ், முன்பு இன்சூரன்ஸ் இருந்திருந்தால் அதன் சான்றிதழ் ஆகியவற்றோடு வாருங்கள். ஆனால் அந்தச் சான்றிதழ் கையில் வந்துவிட்டது என்பதற்காக நீங்கள் ஓடலாம் என்று ஆகாது. கீழே வரும் பதில்கள் பலவும் இந்த ஒரு விடயத்தில்தான் நிற்கின்றன.

டிராபிக் பொலிஸ் லைசன்ஸை வாங்கிக்கொண்டு ஒரு துண்டு தந்தாங்கள். அதுவும் சஸ்பென்ட் தானா?

இல்லை. அது தண்டப் பத்திரம். சிறு குற்றங்களுக்கு அந்த இடத்திலேயே எழுதித் தருவது. பதினான்கு நாட்களுக்கு அதுவே உங்கள் தற்காலிக அனுமதிப்பத்திரமாகவும் செல்லும், அந்த நாட்களில் ஓடலாம், இன்சூரன்ஸும் வழமைபோல் இருக்கும். தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி பொலிஸ் நிலையத்தில் லைசன்ஸைத் திரும்ப எடுக்க வேண்டும். பதினான்கு நாள் தாண்டினால் தண்டம் இரட்டிப்பாகும். இருபத்தெட்டு நாளும் தாண்டினால் விடயம் நீதிமன்றத்துக்குப் போகும்.

நம் ஆட்கள் தடுமாறுவது இங்கேதான். துண்டைக் கண்ணாடிக்குள் செருகிவைத்துவிட்டு மாதக்கணக்கில் ஓடித்திரிவார்கள். பதினைந்தாம் நாளிலிருந்து உங்கள் கையில் செல்லுபடியான பத்திரம் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் அனுராதபுரச் சந்தியில் யாரோடாவது முட்டினால், கம்பனிக்காரரோடு நீண்ட வாக்குவாதம் காத்திருக்கிறது. இடைநிறுத்தம் என்பது வேறு. நீதவான் கட்டளையிட்டு, இத்தனை காலத்துக்கு நீங்கள் ஓடக்கூடாது என்று தடுப்பது அது. காலாவதியான லைசன்ஸ் இன்னொரு வகை, அதைப் பிறகு பார்ப்போம்.

கார் வீட்டில சும்மா நிக்கப்போகுது. பிறகேன் இன்சூரன்ஸுக்குக் காசு கட்டுவான்?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், வீதியில் போகும் எந்த வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியை, அதாவது உங்கள் வாகனத்தால் மற்றவருக்கு வரும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டியை, கட்டாயமாக்கியிருக்கிறது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடுவது குறைந்தது 25,000 ரூபா தண்டம் விழும் குற்றம். சும்மா நிற்கிற கார் என்று சொல்வீர்கள். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு அதே காரைத்தான் எடுக்கச் சொல்வீர்கள். அந்த ஒரு ஓட்டத்துக்கும் இன்சூரன்ஸ் வேண்டும்.

இன்னொரு காரணம், வாகனத்துக்கான வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம். செல்லுபடியாகும் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாமல் அதைப் புதுப்பிக்க முடியாது. பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துக்குப் போனாலும் இணையத்தில் போட்டாலும் இதே நிபந்தனைதான். உண்மையாகவே நீண்ட காலம் வாகனத்தைப் பாவிக்கப் போவதில்லை என்றால், பாவிக்கவில்லை என்று பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே அறிவிக்கும் வழி ஒன்று உண்டு. காலம் பிந்திப் போய்ச் சொன்னால் எடுபடாது.

மழைக்காலத்தையும் யோசியுங்கள். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வடகீழ்ப் பருவக்காற்று நம் கரையை விடாது. நிறுத்திவைத்த காருக்கு மேல் தென்னை விழுந்ததையும், முற்றத்து வெள்ளம் சீட் மட்டத்துக்கு ஏறியதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் சொந்த வாகனச் சேதத்தையும் சேர்த்த ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும் வெள்ளம், புயல் போன்ற இயற்கை அனர்த்தங்கள் பல பொலிசிகளில் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டியவை. உங்களுடையதில் அது இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கடற்காற்றில் துருப்பிடிப்பது, பற்றரி இறங்குவது, எலி வயர் கடிப்பது இவற்றுக்குக் கிளெய்ம் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்ப ஃபுல் இன்சூரன்ஸை நிப்பாட்டிப்போட்டு தேர்ட் பார்ட்டி மட்டும் எடுக்கலாமா?

வாகனம் லீசிங்கில் இருந்தால் முடியாது. லீசிங் கடைசித் தவணை கட்டும் வரை ஃபுல் இன்சூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். நீங்கள் நிறுத்தினால் அவர்களே இன்சூரன்ஸ் போட்டு அதன் காசை உங்கள் கணக்கில் ஏற்றிவிடுவார்கள்.

லீசிங் இல்லாவிட்டால் மாற்றலாம். ஆனால் கணக்குப் பார்த்துச் செய்யுங்கள். வருட நடுவில் பொலிசியை நிறுத்தினால் மீதி மாதங்களுக்குரிய பணம் முழுதாகத் திரும்பாது. குறுகிய காலத்துக்கென்று கூடிய வீதத்தில் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். சான்றிதழையும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். கிளெய்ம் கேட்காததற்காக வருடக்கணக்காகச் சேர்த்த கழிவான நோ கிளெய்ம் போனஸும் இடைவெளி நீண்டால் போய்விடலாம். ஆறு மாத இடைநிறுத்தத்துக்காக ஃபுல்லை முறித்தவர்களில் பலர், திரும்ப எடுக்கும்போது மிச்சம்பிடித்ததைவிடக் கூடக் கட்டியிருக்கிறார்கள். பொலிசி முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது, கார் பழசு, சந்தை விலையும் குறைவு என்றால் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

சஸ்பென்ட் ஆன விசயத்தை இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லத்தான் வேணுமா? சொல்லாட்டி அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?

புதிதாக எடுக்கும்போது முன்மொழிவுப் படிவத்தில், லைசன்ஸ் இடைநிறுத்தப்பட்டதா, வழக்குகளில் தண்டிக்கப்பட்டீர்களா என்ற மாதிரிக் கேள்விகள் வரும். அதற்கு உண்மையை எழுதியே ஆக வேண்டும். காப்புறுதி ஒப்பந்தம் இரு தரப்பும் மறைக்காமல் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்படுவது. முக்கியமான ஒன்றை மறைத்தால், பிறகு அதைக் காரணம் காட்டி பொலிசியையே ரத்துச் செய்யலாம். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் பொலிசி என்றால், புதுப்பிக்கும்போது சொல்லுங்கள். இடையிலேயே அறிவிக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தால் உடனே எழுத்தில் அறிவித்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: சாதாரண நாளில் தெரியாமல் இருக்கலாம். விபத்து நடந்த அன்று கம்பனியின் சேத மதிப்பீட்டாளரான அசெசர் வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் கேட்பது ஓடினவரின் லைசன்ஸை. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்துவிட்டுத்தான் பம்பருக்கே குனிவார். உங்கள் முகவரே, நான் உட்பட, அதை எழுதாமல் விடுங்கள் என்று சொன்னால் அந்த முகவரை மாற்றுங்கள். படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

உண்மையைச் சொன்னா பிரீமியம் கூடுமா?

தேர்ட் பார்ட்டிக்குப் பெரும்பாலும் கூடாது. வாகன வகையையும் பாவனையையும் வைத்துத்தான் அதன் விலை. ஃபுல்லில் கம்பனியின் முடிவு. சிலர் கூட்டுவார்கள், சிலர் குறிப்பிட்ட சாரதி மட்டும் ஓடலாம் என்று எழுதுவார்கள், சிலர் ஒன்றும் செய்யமாட்டார்கள். இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள்.

வாகனம் வாப்பாட பேரில. ஓடுறது நான், சஸ்பென்ட் ஆனதும் நான். அவர்ட இன்சூரன்ஸுக்கு ஏதும் நடக்குமா?

வாப்பாவின் பொலிசி அப்படியே இருக்கும். நீங்கள் ஓடாதவரை உங்கள் இடைநிறுத்தம் அதைத் தொடாது. படிவத்தில் வழமையாக ஓடுபவர் என்று உங்கள் பெயரைக் கொடுத்திருந்தால் அதை மாற்றச் சொல்லி அறிவியுங்கள்.

தெரிந்துகொண்டே அவர் உங்களிடம் சாவியைத் தந்தால் நிலைமை மாறிவிடும். அனுமதிப்பத்திரம் இல்லாதவரிடம் வாகனத்தை ஓடக் கொடுத்த உரிமையாளரும் வழக்குக்கு வரவேண்டியவர். மூதூர், கிண்ணியாப் பக்கம் வயதான வாப்பாமாரின் பெயரில்தான் பல வாகனங்கள் நிற்கின்றன. மகன் செய்ததற்கு எழுபது வயது மனிதர் நீதிமன்றப் படியேறி நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்காது. தயவுசெய்து அந்த நிலையை அவருக்குத் தராதீர்கள்.

என்ட ஓட்டோதான் எங்கட சீவியம். நான் ஓடாம தம்பியை ஹயருக்கு ஓட விடலாமா?

தாராளமாக. தம்பியிடம் முச்சக்கர வண்டி ஓடுவதற்குரிய வகையில் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் லைசன்ஸ் வைத்திருப்பவர் ஓட்டோ ஓடினால், பொலிசியின் கண்ணில் அவருக்கு லைசன்ஸ் இல்லை. அவருடைய அட்டையை வாங்கிப் பின்பக்கத்தில் வகைகளையும் முடிவுத் திகதியையும் நீங்களே பாருங்கள். பிரதி ஒன்றையும் எடுத்து வையுங்கள்.

அடுத்தது பாவனை. சொந்தப் பாவனை என்று எழுதிய பொலிசியில் ஹயர் ஓடினால் கிளெய்ம் நிற்காது. கோணேசர் கோயிலுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவதும் ஹயர்தான், பள்ளிக்கூடப் பிள்ளைகளை மாதக் காசுக்கு ஏற்றுவதும் ஹயர்தான். பயணிகளுக்கான காப்பு சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

ஒரு அவசரம். இரவு, மனுசிக்கு நெஞ்சு நோ, ஆஸ்பத்திரி ரெண்டு கிலோமீட்டர்தான். நான் ஓடி ஏதும் நடந்தா இன்சூரன்ஸ் தருமா?

உங்கள் வாகனச் சேதத்துக்குத் தராது. பொலிசியில் சாரதி பற்றிய நிபந்தனை என்று ஒரு பந்தி இருக்கும். ஓடுபவர் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவராகவும், சட்டத்தால் தடுக்கப்படாதவராகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சில பொலிசிகளில் ‘வைத்திருப்பவர் அல்லது முன்பு வைத்திருந்தவர்’ என்று தாராளமாக எழுதியிருப்பார்கள். லைசன்ஸ் காலாவதியாகிப் புதுப்பிக்க மறந்தவருக்கு அந்தச் சொல் சிலவேளை கைகொடுக்கும். இடைநிறுத்தப்பட்டவருக்குக் கைகொடுக்காது, ஏனென்றால் அதே வரியின் மறுபாதி தடுக்கப்பட்டவரை விலக்கிவிடுகிறது. எத்தனை கிலோமீட்டர், என்ன காரணம் என்ற கணக்கு அந்தப் பந்தியில் இல்லை.

அவசரத்தைப் பற்றிக் கேட்பவர்களிடம் கோபிக்க எனக்கு மனம் வராது. ஆனால் அந்த இரவு வருவதற்கு முன்பே செய்யக்கூடியது இருக்கிறது. 1990 அம்புலன்ஸ் சேவைக்குக் காசில்லை, அந்த இலக்கத்தை வீட்டில் எல்லோருடைய போனிலும் போடுங்கள். பக்கத்தில் லைசன்ஸ் உள்ள இரண்டு பேரிடம், நேரம் பாராமல் கூப்பிடுவேன் என்று இன்றே சொல்லிவையுங்கள். தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரின் இலக்கமும் இருக்கட்டும். பதற்றத்தில் ஓடுகிற, இடைநிறுத்தத்தில் உள்ள சாரதியால் வீதியில் இன்னொரு குடும்பம் அழக்கூடாது.

நான் சஸ்பென்ட்டில ஓடினது உண்மை. ஆனா பிழை முழுக்க மற்ற வாகனக்காரரில. அப்பவும் எனக்கு ஒண்டும் கிடைக்காதா?

உங்கள் சொந்த ஃபுல் இன்சூரன்ஸில் கிடைக்காது, காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது. மற்றவரின் பிழையை நிரூபித்து அவரிடமோ அவருடைய கம்பனியிடமோ நட்டஈடு கேட்கும் உரிமை வேறு, அது லைசன்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்தால் அடியோடு போய்விடாது. ஆனாலும் உங்கள் மீது தனியாக ஒரு வழக்கு இருக்கும், எதிர்த்தரப்பு சட்டத்தரணி அதைத்தான் முதலில் தூக்கிப் பிடிப்பார். சட்டத்தரணி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

மனுசி ஓடினது எண்டு சொன்னா சரிதானே? அவவுக்கு லைசன்ஸ் இருக்கு.

சரியில்லை. இதை நிறையப் பேர் மெல்லிய குரலில் கேட்கிறார்கள், அதனால் உரத்துச் சொல்கிறேன். அது பொய்க் கிளெய்ம். பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலமும் பொய்யாகிவிடும், உங்கள் வழக்கில் மனைவியையும் கொண்டுபோய்க் கட்டிவிடுவீர்கள்.

பிடிபடுவதும் எளிது. கடை வாசல்களில் கமரா இருக்கிறது. அடிபட்டவர், பார்த்தவர், மீன் வாங்க நின்றவர் எல்லோரும் ஓடியது ஆண் என்று சொல்வார்கள். ஓடியவரின் சீட் பின்னுக்குத் தள்ளியபடி இருக்கும், ஐந்தடி மனைவியின் கால் பிரேக்கை எட்டாது. அசெசர்மார் இதையெல்லாம் பார்த்துப் பழகியவர்கள். உண்மையைச் சொன்னால் வாகனச் சேதமும் இடைநிறுத்தத்தில் ஓடிய வழக்கும் உங்கள் தலையில். பொய் சொன்னால் பொலிசியும் போகும், வேறு கம்பனியும் உங்களை எடுக்கத் தயங்கும்.

எங்கட தம்பியை அடிச்சவருக்கு லைசன்ஸ் சஸ்பென்டாம். அப்ப எங்களுக்கு நட்டஈடு இல்லையா?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது. லைசன்ஸ் இல்லாதவர் அடித்தால் ஒன்றும் கிடைக்காது என்று யாரோ சொல்ல, அதை நம்பி வாயைமூடிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியதே வீதியில் அடிபட்டவருக்காக. மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் தொகையை, காப்புறுதி எடுத்தவர் மீது கம்பனிக்கு என்ன மனக்குறை இருந்தாலும் கம்பனியே கட்ட வேண்டிவரும் சந்தர்ப்பங்களைச் சட்டம் வகுத்திருக்கிறது. கட்டிய தொகையைக் கம்பனி பிறகு தன் வாடிக்கையாளரிடம் அறவிடப் பார்க்கும், அது அவர்களுக்கிடையில் உள்ள விடயம். உங்கள் வழக்கில் இது எப்படிப் பொருந்தும் என்பதை விபரங்களை வைத்துச் சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும்.

நீங்கள் பிந்தாமல் செய்ய வேண்டியவை இவை. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியை எடுங்கள். வாகன இலக்கத்தையும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தையும் படம் எடுங்கள், காப்புறுதிக் கம்பனி எது என்று பொலிசிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வைத்தியசாலைப் பத்திரங்களில் ஒரு துண்டையும் எறியாதீர்கள். வழக்குப் போடும்போது அந்தக் கம்பனிக்கும் உரிய காலத்துக்குள் அறிவித்தல் போக வேண்டும், இல்லாவிட்டால் கம்பனியின் பொறுப்பு நழுவிவிடும். வீட்டுக்கு வந்து ஒரு தொகையைத் தந்து வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

என்னட்ட டுபாய் லைசன்ஸ் இருக்கு. இங்க சஸ்பென்ட் எண்டா அதைக் காட்டி ஓடலாமா? மறுபக்கம், கனடாவில மச்சானுக்கு சஸ்பென்ட், லீவுக்கு வந்து இங்க ஓடலாமா?

இரண்டுக்கும் பதில் ‘ஏலாது’ என்பதுதான். இங்கே நீதிமன்றம் உங்களை ஓடவிடாமல் தடுத்த பிறகு, வேறு நாட்டு அட்டை அந்தத் தடையைத் தாண்டித் தராது. புதிய லைசன்ஸோ பழகுனர் அனுமதிப்பத்திரமோ கேட்டும் போகமுடியாது. மச்சானின் சர்வதேச அனுமதிப்பத்திரம் அவருடைய நாட்டு லைசன்ஸை நம்பி நிற்கும் தாள், தாய் லைசன்ஸ் முடங்கினால் அதுவும் முடங்கும். வாடகை வான் எடுத்து நிலாவெளிக்கு ஓடி முட்டினால், முழுச் செலவும் மச்சானின் பையிலிருந்துதான்.

காலம் முடிஞ்சுது. அடுத்த நாளே ஓடலாமா?

அட்டை கையில் வந்த பிறகு ஓடுங்கள். கட்டளை வழங்கப்பட்ட அன்றே, லைசன்ஸ் எங்கே அனுப்பப்படும், எப்போது யாரிடம் கேட்க வேண்டும் என்று நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு எழுதிவையுங்கள். இடைநிறுத்தக் காலத்துக்குள் அட்டையின் சொந்தத் திகதியும் முடிந்திருக்கலாம். அப்படியென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதுப்பித்த பிறகுதான் ஓட்டம். கட்டளையின் கடைசி நாளைத் தவறாக எண்ணி ஒருநாள் முந்தினாலும் மேலே நெஞ்சு நோவுக் கேள்விக்குச் சொன்ன அதே நிலைதான்.

கம்பனி அநியாயமா கிளெய்மை மறுத்துட்டு. லைசன்ஸ் இருந்த தம்பிதான் ஓடினவன். எங்க போய்ச் சொல்றது?

முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பந்தியின் கீழ் மறுக்கிறார்கள் என்று அதில் இருக்க வேண்டும். தம்பியின் லைசன்ஸ் பிரதி, பொலிஸ் அறிக்கை, அசெசர் எடுத்த படங்கள் ஆகியவற்றோடு கம்பனியின் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். கிளை முகாமையாளரோடு போனில் பேசியது பிறகு எங்கும் சான்றாக நிற்காது.

அதிலும் சரிவராவிட்டால் கொழும்பில் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். சம்பவத் திகதி, பொலிசி இலக்கம், மறுப்புக் கடிதத்தின் திகதி மூன்றையும் முதல் பந்தியில் போடுங்கள், உங்கள் மனவருத்தத்தை இரண்டாம் பந்தியில் எழுதுங்கள்.